காப்பவர் பாதம்

தென்சென்னைப் புறநகர் ஏரிக்கரைகளில் காலையில் நடக்க வருகிறவர்கள் நுழைவாயிலில் பதித்திருக்கும் கல்லை நின்று படிப்பதில்லை. நான் படிப்பேன். கறுப்பு கிரானைட்டில் தங்க நிற எழுத்து. மேலே நிறுவனத்தின் சின்னமும் பெயரும், அதற்குக் கீழே அந்த நிறுவனம் நடத்தும் அறக்கட்டளை, வேலையை எடுத்துச் செய்த தொண்டு அமைப்பு, திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர்கள், கடைசியில் ஒரு தேதி. அந்தத் தேதியில் ஏரி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கரை உயர்த்தப்பட்டு, நடைபாதைக் கற்கள் பதிக்கப்பட்டு, நடுவில் பறவைகளுக்காக ஒரு மண்திட்டு எழுப்பப்பட்டு, சூரிய விளக்குகள் எரிந்துகொண்டு இருந்திருக்கும். இப்போது விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன, பேட்டரிகள் இல்லை. வடக்கு மூலையில் ஆகாயத்தாமரை மறுபடி பிடித்துக்கொண்டது. மழைநீருக்கென்று விட்ட வாயில் வழியாகக் கோடையிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ வந்து விழுந்துகொண்டிருக்கிறது. அதன் வாடை காற்று திரும்பும்போதெல்லாம் நடைபாதைக்கு வருகிறது. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கொடுத்திராவிட்டால் இந்த ஏரி இன்று வீட்டுமனைகளாக ஆகியிருக்கக்கூடும். சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதை அங்கே குடியிருப்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது பொய்யில்லை. இருந்தும் அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை வெகுகாலம் பொறாமை என்று நினைத்திருந்தேன், பிறகு செல்வந்தர்மேல் எல்லோருக்கும் இருக்கும் பொதுவான ஐயம் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை என்று இப்போது படுகிறது. அந்தக் கல்லில் திறப்புவிழாவுக்கு மறுநாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு நகரம் வாழ்வதோ மறுநாள்களில்.

ஏரி என்பது ஒரு பள்ளமும் அதில் நிற்கும் தண்ணீருமாக இருந்தால் ஒருமுறை தோண்டிவிட்டுப் போய்விடலாம். அது வரத்துக்கால், மதகு, கலங்கல், போக்குக்கால் என்று மேலும் கீழும் நீளும் ஒன்று. செம்பாக்கத்தில் வழிவது நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று படிப்படியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேர்கிறது. மேலே இருக்கும் ஏரியில் அடைத்துக்கொண்டால் கீழே இருக்கும் தெருவில் தண்ணீர் ஏறும். ஆகவே ஓர் ஏரியை மட்டும் தத்தெடுப்பது என்ற பேச்சே எனக்கு விளங்குவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன்னால் வாய்க்காலில் இறங்கி வண்டலை வாரிப் போட யாராவது வேண்டும். மதகுப் பலகையை எப்போது தூக்குவது, எவ்வளவு தூக்குவது என்று தெரிந்த ஒருவர் இரவில் விழித்திருக்க வேண்டும். ஊர்ப்புறத்தில் அந்த வேலைக்கு நீர்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார், அவருக்கு அறுவடையில் ஒரு பங்கு இருந்தது. ஏரி வற்றினால் வயல் காயும், வயல் காய்ந்தால் வயிறு காயும் என்ற கட்டாயம்தான் அவரைக் கரைக்கு அனுப்பியது. சென்னையில் ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் வயல், போய்விட்டது. மாம்பலத்தின் பெரிய ஏரி 1920-களில் வடிக்கப்பட்டுத் தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மிஞ்சிய ஏரிகளும் எந்த வயலுக்கும் பாய்வதில்லை. பசியோடு தொடர்பு அறுந்த ஏரியை இன்று நாம் காட்சிக்காகவும் நிலத்தடி நீருக்காகவும் வைத்திருக்கிறோம். காட்சியை விரும்புகிறவர்கள் அதை அன்றாடம் காப்பவர்களாக மாறுவதில்லை. விடுமுறை நாள் காலையில் கையுறை மாட்டிக்கொண்டு நெகிழிப் பைகளைப் பொறுக்க வரும் இளைஞர்கள் உண்டு, அவர்களை மனமார மதிக்கிறேன். ஆனால் கார்த்திகை மாதத்து நள்ளிரவில் மதகடியில் நிற்க வேண்டியவருக்குச் சம்பளம் வேண்டும்.

இந்தக் குறைக்கு நாம் தேடிக்கொண்ட சட்டமும் ஒரு காரணம். 2013-ம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135-வது பிரிவில், 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எல்லோரும் சிஎஸ்ஆர் என்று அழைப்பது இதைத்தான். தங்கள் ஆலையும் அலுவலகமும் இருக்கும் இடத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அது சொல்கிறது. அதனால் பணம் எங்கே சம்பாதிக்கப்பட்டதோ அங்கேயே சுற்றுகிறது. பழைய மாமல்லபுரம் சாலையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கிடைக்கும் கவனம், எந்தப் பெருநிறுவனமும் காலடி வைக்காத வட்டாரத்துக்குக் கிடைப்பது கடினம். தொடர் திட்டம் என்று ஒன்றை அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்குள் அதை முடித்துவிட வேண்டும். நிர்வாகச் செலவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2021 ஜனவரி முதல், ஓர் அமைப்பின் மூலநிதிக்குக் கொடுப்பதைச் சிஎஸ்ஆர் செலவாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இந்த விதிகளை எழுதியவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. பணத்தை ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெட்டியில் போட்டுவிட்டுக் கொடுத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டியவர்கள் இருந்திருப்பார்கள், அவர்களைத் தடுக்க வேண்டியதும் நியாயம். ஆனால் விளைவைப் பாருங்கள். முதலை வங்கியில் போட்டு, வட்டியில் ஒரு மதகுக்காரருக்குக் காலமெல்லாம் சம்பளம் கொடுக்க நினைக்கும் நிறுவனத்தால் அந்தப் பணத்தை இந்தக் கணக்கில் காட்ட முடியாது. கரையை உயர்த்தி, விளக்கு நட்டு, படம் எடுத்து, மூன்றாண்டில் கோப்பை மூடும் நிறுவனத்தால் முடியும். ஏரிக்கு ஆயிரம் ஆண்டு வயது இருக்கலாம், அதன் மேல் நாம் வைத்திருக்கும் கடிகாரம் மூன்று ஆண்டுக் கடிகாரம்.

இதே மண்ணில் வேறு ஒரு கடிகாரம் இருந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைக்கிறவர் எண்ணெய்க்குப் பணம் கொடுத்துவிட்டுப் போவதில்லை. தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளை விட்டுப்போகிறார். ஆடுகளை ஒரு மன்றாடி, அதாவது இடையர், ஏற்றுக்கொள்கிறார்; நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், குட்டிகளால் மந்தை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று அந்த மந்தைக்குப் பெயர். எந்த ஆடும் சாகாமல் இருக்காது, மந்தை சாகாது. உத்திரமேரூரில் வைரமேக தடாகத்தை ஆண்டுதோறும் தூர்வாரப் பொன் கொடுத்திருக்கிறார்கள். முதலைத் தொடாமல் பொலிசையில், அதாவது வட்டியில், வேலை நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏரிப்பட்டி என்று தனியாக நிலம் விட்டு, அதன் விளைச்சலைக் கரைக்கும் மதகுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். இவையெல்லாம் பொருளாதாரம், பாடப் புத்தகத்தில் படித்துவிடலாம். என்னை நிறுத்துவது கல்வெட்டு முடியும் இடத்தில் வரும் வழக்கமான வாசகம். இந்த அறத்தைக் காப்பவருடைய பாதங்கள் என் தலைமேல் இருக்கும் என்ற பொருளில், கொடுத்தவர் பெயரால் கல்லில் வெட்டி வைக்கிறார்கள். கொடுத்தவர் அரசனாக இருக்கலாம், அரசியாக இருக்கலாம், படைத்தலைவனாகவோ வணிகனாகவோ இருக்கலாம். இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத, எந்தக் குலம் என்றும் தெரியாத ஒருவருடைய பாதத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். நான் தேடிய சொல் இதுதான் என்று தோன்றியது. கொடுப்பதைவிடக் காப்பது பெரிது என்பதைக் கொடுத்தவர் வாயாலேயே சொல்ல வைத்த ஒரு மரபு இங்கே இருந்திருக்கிறது. நம் கிரானைட் பலகையில் கொடுத்தவர் மேலே இருக்கிறார், காப்பவருக்கு இடமே விடப்படவில்லை.

இதை எழுதியவுடன் கை தயங்குகிறது. பழையதை இப்படிப் புகழ்ந்துவிட்டுக் கடந்து போக முடியாது. அதே உத்திரமேரூரின் 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தில் யார் அமரலாம் என்று சொல்கின்றன: கால்வேலி நிலத்துக்கு மேல் உரிமை வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், 921-ன் விதிப்படி வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியில் இறங்கிச் சேற்றைச் சுமந்தவர்கள் அந்த வாரியத்தின் வாசலுக்குக்கூட வந்திருக்க மாட்டார்கள். பாதத்தைத் தலையில் தாங்குவதாகக் கொடுத்தவர் சொன்னது வாரியத்தாரை நினைத்தா, சேறு சுமந்தவரை நினைத்தா? பெரும்பாலும் முதலாமவரைத்தான் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். பிற்காலத்தில் குடிமராமத்து என்று இனிமையாக அழைக்கப்பட்டதும் ஊர் கூடித் தேர் இழுத்த கதை அல்ல. தேர்வடம் யார் தோளில் இருந்தது என்று பார்க்க வேண்டும். கும்பினி ஆட்சி 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே கொண்டுவந்து, கரை உடையும் வேளையில் யார் யார் வந்து உழைத்தாக வேண்டும் என்று எழுதிவைத்தது. நிலமில்லாதவரின் உடம்பு கூலியில்லாமல் போய்க் கரையில் நின்றிருக்கிறது. நிலைத்திருத்தலும் சமத்துவமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை என்று இன்றைய அறிக்கைகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது இதனால்தான் எனக்கு நெருடுகிறது. நிலைத்து நின்ற ஏற்பாடுகள் பல, சமத்துவம் இல்லாததாலேயே நிலைத்து நின்றன. யாரோ சிலரின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால்தான் வட்டியும் உழக்கு நெய்யும் கச்சிதமாகப் பொருந்தின. காப்பவர் பாதம் என்ற சொல்லை நாம் எடுத்துக்கொள்வதாக இருந்தால், அந்தப் பாதம் சேற்றில் நின்ற பாதமாக இருக்க வேண்டும் என்று திருத்தித்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

சென்னையின் கொடைகளில் பச்சையப்ப முதலியாருடையதை நினைக்கும்போதெல்லாம் இந்தத் திருத்தம் முடியாத காரியம் இல்லை என்று நம்பிக்கை வருகிறது. துபாஷியாக, அதாவது கும்பினியாருக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, பெரும்பொருள் சேர்த்தவர், 1794-ல் நாற்பது வயதில் இறந்துபோனார். உயிலில் சொத்தைக் கோயில்களுக்கும் தருமங்களுக்கும் எழுதிவைத்திருந்தார். பிறகு நடந்தது நெடுங்கால வழக்கு. பொறுப்பேற்றவர்கள் கையில் பணம் கரைய, உறவினர்கள் சண்டையிட, தருமம் நடக்காமலே கிடந்தது. பல்லாண்டு கழித்து மதராஸ் உச்ச நீதிமன்றத்தின் வழியாகத்தான் அது மீண்டது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டனுக்கு அதில் பெரும் பங்குண்டு. கோயில் கட்டளைகள் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பினார்கள், 1842-ல் பள்ளி பிறந்தது. பச்சையப்பர் தன் உயிலில் பள்ளிக்கூடத்தை நினைத்திருக்கவில்லை. அவருடைய விருப்பம் அப்படியே நிறைவேறியிருந்தால் வட சென்னையின் எத்தனையோ பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். கொடுத்தவரின் விருப்பத்தைக் கடைசி எழுத்துவரை காப்பதுதான் அறம் என்ற எண்ணத்தை இந்த ஒரு வரலாறே அசைத்துவிடுகிறது. அவர் விருப்பத்தை அப்படி வளைத்ததும் பாதி வழியில் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும்: இந்துக்களுக்கு மட்டும் என்ற கதவு 1947 வரை திறக்கவில்லை. ஒரு கொடையைப் பின்னால் வந்தவர்கள் எவ்வளவு அகலமாகத் திறந்துகொண்டே போகிறார்கள் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு இடம் விட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியபோது பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கிவைத்தார் என்று படித்தபோது, முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டாயிற்று. அந்தப் பாலம் இன்று இல்லை, அதன் இடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. ஆனாலும் தன் பாலத்தில் விரிசல் விழும் என்பதைத் திறக்கும்போதே ஒப்புக்கொண்ட மனம் அது.

பழுதுபார்க்கக் கொடுத்த கொடை நம் காலத்திலும் ஒன்று உண்டு. 1983 ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நீரில் சென்னைக்கு 12 டிஎம்சி வரவேண்டும். 1996-ல் முதல் தண்ணீர் எல்லை தாண்டியது. கண்டலேறு அணையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வரும் மண் கால்வாய் வழியெல்லாம் சரிந்தும் கசிந்தும் போனதால், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்ந்தது சொற்பம். இரண்டு அரசுகள் முடிக்க முடியாமல் விட்டிருந்த அந்தக் கரைகளைச் சீரமைக்கச் சத்ய சாயி மத்திய அறக்கட்டளை 2002-ல் முன்வந்து, ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் வேலையை முடித்தது. கசியும் வாய்க்காலைப் பூசுவதற்குக் கொடுப்பது எவ்வளவு அரிது என்பதை நினைத்துப் பார்த்தால், என் பக்திக்கும் அவநம்பிக்கைக்கும் அப்பால் அந்தச் செயலை நன்றியோடு நினைக்கவே தோன்றுகிறது. அந்த ஆண்டுகளில் குடத்தோடு லாரிக்காகக் காத்திருந்த எந்தத் தெருவும் அப்படித்தான் நினைக்கும். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. ஒரு பெருநகரத்தின் குடிநீர் ஓர் ஆன்மிக அமைப்பின் கருணையில் வந்து நிற்கலாமா? அந்த அமைப்புக்கு மனம் வராமல் போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்போம்? பூசிய கரைகளும் காலப்போக்கில் பெயர்ந்தன, அவற்றை யார் பழுதுபார்ப்பது என்ற கடிதப் போக்குவரத்து மறுபடி அரசுகளுக்கு இடையில் தொடர்ந்தது. கொடை ஒரு தடவை வந்து கைதூக்கிவிடும், பிறகு ஒவ்வோர் ஆண்டும் வரவேண்டியது வரிப்பணம். கொடை வந்ததாலேயே வரிப்பணம் வரத் தயங்கினால் அந்தக் கொடை நல்லதா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நினைக்கும்போது மட்டும் இது கொஞ்சம் அடங்குகிறது. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் வி. சாந்தா அந்த வளாகத்திலேயே வாழ்ந்து 2021-ல் மறைந்தார். அங்கே பெரும் காசோலைகளும் வந்திருக்கின்றன, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிப்போன சிறு தொகைகளும் வந்திருக்கின்றன. இரண்டையும் தாங்கிக்கொள்ள உள்ளே ஒரு மனிதர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். காப்பவர் இருந்தார் என்பதால் கொடைகள் அங்கே வழிதவறவில்லை.

பெரும்பாக்கத்தில் காப்பவர் யார்? கூவம், அடையாறு கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே அடுக்குமாடிகளில் இருக்கின்றன. ஆற்றை மீட்க வேண்டும், வெள்ளத்திலிருந்து நகரத்தைக் காக்க வேண்டும் என்று சொல்லி அவர்களை அகற்றினார்கள். கொண்டுபோய் வைத்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம், மழை கனத்தால் அங்கேயும் தண்ணீர் சூழ்கிறது. அந்தச் சதுப்பு 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, அதைக் கொண்டாடினோம், நானும் மகிழ்ந்தேன். சதுப்பின் பெரும்பகுதியை முதலில் தின்றது பெருங்குடிக் குப்பைமேடும், சாலையும், கண்ணாடிக் கட்டடங்களும் என்பதை யாரும் மறுப்பதில்லை. நகரத்தின் பசுமைக்காக வீட்டை விட்டுக்கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், கரையோரக் குடிசைக்காரர்கள்தான் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு வாங்கவில்லை என்பதால் அதற்குக் கொடை என்று பெயர் இல்லை. எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் நிறைமாதக்காரியும், மூட்டு வலியோடு இருக்கும் பெரியவரும், தண்ணீர்க் குடம் சுமப்பவரும் படியேற வேண்டும். லிஃப்டின் வடத்தை மாற்ற, மோட்டாரைச் சரிசெய்ய, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க யாராவது நன்கொடை அறிவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் கண்ணகி நகரில் 2020-ல் சுவர்களில் பிரமாண்டமான ஓவியங்கள் வரையப்பட்டன. அவை அழகானவை. அங்கே வளரும் குழந்தைகள் தங்கள் தெருவைப் பற்றிக் கூசாமல் பேச அவை உதவியிருக்கின்றன என்றால் அதைச் சிறிதாக எண்ண மாட்டேன். கண்ணகி நகர் என்பது நகரம் முழுவதும் அஞ்சி விலகிய ஒரு பெயர். அதே சுவரின் உள்பக்கம் ஈரம் ஊறி, கழிவுநீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தால், வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிற பார்வையாளன் நான்தானே என்ற எண்ணம் உறுத்துகிறது. எது வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர்களை முதலில் கேட்டிருந்தால் எதைச் சொல்லியிருப்பார்கள்? ஓவியத்தைச் சொல்லியிருக்கவும் கூடும். ஏழைகள் அழகைக் கேட்க மாட்டார்கள் என்று நினைப்பதும் ஒரு வகை அவமதிப்பு. ஆனால் கேட்டிருக்க வேண்டும். கேட்ட பிறகு, பதில் பிடிக்காவிட்டாலும் கட்டுப்பட வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த நகரத்துக்குக் கொடுத்தவர்களின் பட்டியலை யாராவது நேர்மையாக எழுதினால் முதலில் மீனவர்கள் வருவார்கள். படகுகளை லாரியில் ஏற்றிக் கோட்டூர்புரத்துக்கும் முடிச்சூருக்கும் கொண்டுவந்து, கடலில் பழகிய கைகளால் தெருவில் துடுப்புப் போட்டார்கள். மோட்டார் எதில் இடித்து நின்றது, படகின் அடி எதில் கிழிந்தது என்று அவர்கள் யாரிடமும் பற்றுச்சீட்டு நீட்டவில்லை. அந்த நாள்களின் பிழைப்பை விட்டுவிட்டு வந்தவர்கள். எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் கருத்த வலைகளையும் படகுகளையும் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளியவர்களும் அவர்களே. வீட்டுச் சுவரில் எண்ணெய் ஏறிய கோடு படிந்திருந்தது. தெற்கிலிருந்து எத்தனை படகுகள் வடக்கே போயின என்ற கேள்வியை நான் எவரையும் குற்றம்சாட்டக் கேட்கவில்லை, எனக்கே கேட்டுக்கொள்கிறேன். ஒரு நகரத்துக்குள் கொடை எந்தத் திசையில் பாய்கிறது என்று வரைபடம் போட்டால், வடக்கிலிருந்து தெற்கே பாய்வதற்கு அம்புக்குறியே இருக்காது. அனல்மின் நிலையச் சாம்பலும், துறைமுகத்துத் தூசும், குப்பைமேடும் வடக்கே கிடக்க, அவற்றின் பயன் நகரம் முழுவதற்கும் போகிறது. வடசென்னை இந்த நகரத்தின் மிகப் பெரிய கொடையாளி என்று எழுதத் தோன்றுகிறது. எழுதியபின் அந்தச் சொல்லின் அநியாயம் கண்ணில் படுகிறது. பிடுங்கப்பட்டதைக் கொடை என்று சொல்லி மனம் ஆறிக்கொள்ளக் கூடாது.

அதே வடசென்னையில், ராயபுரம் பக்கம், 1782-ல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய தொட்டி ஒன்று மணியக்காரர் சத்திரமாகி, அதையொட்டி எழுந்த மருத்துவமனை பிறகு ஒரு கவர்னரின் பெயரால் ஸ்டான்லி ஆனது. பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். பசித்தவர் நினைவில் கஞ்சி நின்றது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் வேலையைத் தனியாருக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கக் கூடாது, பணி நிரந்தரம் வேண்டும் என்று ரிப்பன் மாளிகை முன் 13 நாள்கள் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தார்கள். 13-ம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்திக் கைது செய்தது. மறுநாள் அமைச்சரவை கூடிச் சில நலத்திட்டங்களை அறிவித்தது, அவற்றில் ஒன்று பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு துடைப்பம் பிடிக்கிறவருக்குச் சூடான உணவு கிடைப்பதை நான் எதிர்ப்பேனா? மாட்டேன். 1782-ல் கஞ்சி உயிர் காத்தது. ஆனால் இவர்கள் கேட்டது வேறு. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சேற்றையும் செத்த விலங்குகளையும் அள்ளி இந்த நகரத்தை மறுபடி குடியிருக்கத் தக்கதாக ஆக்குகிறவர்கள் இவர்கள். கல்வெட்டுக்காரர் தலையில் தாங்குவதாகச் சொன்ன பாதம் இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால், ரிப்பன் மாளிகை முன் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த நடைபாதையில் இருந்தது என்பேன். பச்சையப்பர் சொத்து நீதிமன்றத்தின் வழியாகத்தான் பொதுவுக்கு வந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். நிரந்தர வேலை கேட்கும் பெண்களின் வழக்குச் செலவை, அவர்களுடைய சங்கத்தின் வாடகையை, போராடிய நாள்களில் இழந்த கூலியை ஒரு செல்வந்தர் ஏற்றுக்கொண்டால் அதற்கு வரிவிலக்கு கிடைக்காது, கிரானைட் பலகையும் கிடைக்காது, ஆட்சியில் இருப்பவர்களின் முகம் கோணும். இந்த நகரத்தின் வருங்காலத்துக்குச் செய்த கொடை என்று அதைச் சொல்ல முடியுமா? நான் சொல்வேன்.